முக்கால் லிட்டர் புங்க எண்ணெய்

சுந்தர்ராஜ் தொண்டையைக் கனைத்தால் ஆம்பூர் பஜாரில் கத்திரிக்காய் பேரம் நின்றுவிடும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதில் பாதிதான் பொய். பதினோரு வருஷம் அந்தத் தொண்டை தொலைக்காட்சியில் கனைத்தது. வாணியம்பாடிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் சரித்திரம் நடத்திக்கொண்டிருந்த மனிதரை, உள்ளூர் கேபிளில் ஒரு தேர்தல் முடிவு நாளன்று, வரவேண்டியவர் வராமல் போனதால் பிடித்து உட்கார வைத்தார்கள். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. ஆறு மாதத்தில் சென்னைச் சேனல் கூப்பிட்டது. பெயருக்குக் கீழே ஓடும் பட்டையில் 'அரசியல் விமர்சகர்' என்று போட்டார்கள். அதைப் பார்த்த அன்று அவர் நடை மாறியது, சாப்பிடும் அழகு மாறியது, தும்மல்கூட இரண்டு பக்கத்து நியாயத்தையும் எடை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வந்தது.

எல்லாக் கட்சியையும் பாரபட்சம் இல்லாமல் திட்டினார். திங்கட்கிழமை ஆளும் கட்சி, செவ்வாய்க்கிழமை எதிர்க்கட்சி, புதன்கிழமை இரண்டையும் சேர்த்து. "பாலாத்துல தண்ணி ஓடி எத்தனை நாளாச்சு? இன்னிக்கு ஓடறது கட்சிக்காரன் கம்பெனியோட சுண்ணாம்புத் தண்ணி" என்று ஒருநாள் அவர் பேசியபோது, விரிஞ்சிபுரத்திலிருந்து குடியாத்தம் வரைக்கும் போன் வந்தது. காவேரிப்பாக்கத்திலிருந்து ஒருவர் அழுதே விட்டார். அவ்வளவு பெரிய ஏரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவருக்கு எதற்கு அழுகை என்று ஜெயபுஷ்பத்துக்குத்தான் விளங்கவில்லை.

ஜெயபுஷ்பம் அவர் மனைவி. ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் பிரிவில் இருபத்திரண்டு வருஷம். இப்போது சூப்பர்வைசர். காலை ஏழு இருபது கம்பெனி பஸ், முப்பத்தெட்டுப் பெண்கள், முப்பத்தெட்டு மெஷின், எட்டரை மணி நேர நிற்பு. சாயந்திரம் வீட்டுக்கு வரும்போது கணுக்கால் இரண்டும் பலாக்காய் மாதிரி இருக்கும். கல்லூரி சம்பளத்தைச் சுந்தர்ராஜ் உதறிவிட்டு வந்த பிறகு அந்தக் கணுக்கால்தான் குடும்பத்தை நடத்தியது. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் அவர் பேசும் விவாத நேரத்தில் குக்கர் வைக்கக் கூடாது, ஃபேன் போடக் கூடாது, பக்கத்து வீட்டு ஆடு கத்தினால் அதற்கும் ஜெயபுஷ்பம்தான் பதில் சொல்ல வேண்டும். அவள் பொறுத்துக்கொண்டாள். மனுஷன் உண்மை பேசுகிறானே, ஒரு மணி நேரம் வியர்த்தால் என்ன என்று இருந்தாள்.

அப்படிப்பட்டவர் தை மாதம் ஒரு வியாழக்கிழமை, எந்தக் கட்சியை வாரத்துக்கு இரண்டு நாள் திட்டினாரோ அதே கட்சியின் சால்வையைப் போர்த்திக்கொண்டு வீட்டுக்குள் வந்தார். மாநிலச் செய்தித் தொடர்பாளர்.

"இன்னாங்க இது" என்றாள் ஜெயபுஷ்பம். களி கிண்டிக்கொண்டிருந்த துடுப்பு கையிலேயே நின்றது. "போன மாசம் வரைக்கும் ஆத்தைக் கெடுத்தவனுங்கன்னு சொன்னீங்க. இப்ப அவனுங்க துணியைப் போத்திக்கினு வர்றீங்க."

"வெளிய நின்னு எவ்ளோ நாளு கத்தறது புஷ்பம்? உள்ள போனாத்தான் ஒண்ணு ரெண்டாவது மாத்த முடியும்."

"உள்ள போனவன் எவன் மாத்தினான்? அவனவன் காரைத்தான் மாத்தினான்."

"கொள்கை அடிப்படையில எடுத்த முடிவு."

"எந்தக் கொள்கை?"

அவர் சால்வையை மடித்தார். அந்த மடிப்பு பத்து நிமிஷம் நடந்தது. பாராளுமன்றத்தில் மசோதாவைக்கூட அத்தனை பொறுமையாக யாரும் மடித்திருக்க மாட்டார்கள்.

அவள் தம்பி அந்தோணி மட்டும் சந்தோஷப்பட்டான். அவன் வேலை பார்க்கும் டேனரி அந்தக் கட்சியின் மாவட்டப் பொருளாளருடையது. இருபது வருஷமாக அங்கே டிரம் ஓட்டுகிறான். தோலும் சுண்ணாம்பும் தண்ணீரும் உள்ளே புரள, உருளும் மரப் பீப்பாய் ஒவ்வொன்றும் ஒரு வீட்டுச் சமையலறை அளவு இருக்கும். "மாமா இப்ப நம்ம முதலாளிக்கே சிநேகிதம்க்கா. இனிமே என்னை எவன் கேப்பான்" என்று சொல்லி ஆட்டுக்கால் வாங்கிக்கொண்டு வந்தான். சுந்தர்ராஜும் கால் சூப்பை உறிஞ்சியபடி தாராளவாதம் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். அந்தோணி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். மாமா பேச்சு அவனுக்கு அவ்வளவு பிடிக்கும். டிவியில் அவர் வாய் திறந்தால் டேனரி டீக்கடையில் எழுந்து நின்று கை தட்டுவான்.

மே மாதம் மூன்றாவது ஞாயிறு. வெயில் என்றால் அப்படி ஒரு வெயில், காக்காய் பறக்காமல் நடந்து போனது. பக்ரீத் நெருங்கிக்கொண்டிருந்தது. பண்டிகை முடிந்த கையோடு நாலு மாவட்டத்துத் தோலும் லாரி லாரியாக வந்து இறங்கும். அதற்குள் சுண்ணாம்புக் கழிவு தேங்கும் தொட்டியை வாரி வைத்தாக வேண்டும். இந்த வேலைக்கு மெஷின் இருக்கிறது. மெஷினுக்கு வாடகை இருக்கிறது. அந்தோணிக்கு வாடகை இல்லை.

ஜெயபுஷ்பம் சர்ச்சில் ஆராதனை முடிந்து படியிறங்கும்போது அமிர்தவள்ளியின் போன் வந்தது. அந்தோணியின் மனைவி அவள். முதலில் மூச்சுதான் கேட்டது. பிறகு, "அண்ணி, தொட்டில இறக்கினாங்களாம். தூக்கும்போதே பேச்சு இல்லியாம். வேலூருக்கு எடுத்துக்கினு போறாங்க."

ஆம்பூரிலிருந்து வேலூருக்கு ஐம்பது கிலோமீட்டர். அன்றைக்கு அந்தச் சாலை டெல்லி வரை நீண்டது. ஆஸ்பத்திரிக்குப் போனபோது அந்தோணியின் வாயில் குழாய் செருகியிருந்தார்கள். மூச்சை ஒரு இயந்திரம் விட்டுக்கொண்டிருந்தது. முட்டை அழுகிய நாற்றம், அதற்கு மேல் கசந்த இன்னொரு வாசனை. புங்க எண்ணெய். ஜெயபுஷ்பத்துக்கு அது என்னவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவள் அப்பாவே தொட்டி வேலை பார்த்தவர்.

நர்ஸ் பிரிஸ்கில்லா சர்ச்சில் பழக்கம். வராந்தாவில் தனியாக வந்து சொன்னாள். "ஆன்ட்டி, ஈசிஜி பட்டன் ஒண்ணுகூட ஒட்டல. காதுமடல் வரைக்கும் எண்ணெய். நாலு பேரு துடைச்சோம், ஸ்பிரிட் போட்டுத் துடைச்சோம். ஸ்ட்ரெச்சர்லர்ந்து வழுக்கினு போறாரு. குளிச்ச மாதிரி பூசிருக்காங்க."

அமிர்தவள்ளி கையில் போலீஸ் எழுதிய காகிதத்தின் நகல் இருந்தது. ஜெயபுஷ்பம் வாங்கிப் படித்தாள். மேற்படி தொழிலாளி தனது கைபேசி கழிவுத் தொட்டிக்குள் தவறி விழுந்தபடியால், யாருடைய உத்தரவும் இன்றி, தானாகவே அதை எடுக்க உள்ளே இறங்கினார் என்று இருந்தது.

"இன்னா அண்ணி எழுதிருக்கான்?"

"பொய் எழுதிருக்கான்."

அதை விளக்க ஆம்பூரில் ஒரு வரி போதும். சுண்ணாம்புத் தொட்டியில் இறங்குகிறவன் தோலைச் சுண்ணாம்பு தின்றுவிடும். அதனால் சட்டை, வாட்ச், போன் எல்லாவற்றையும் அவிழ்த்து மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டு, உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை புங்க எண்ணெய் பூசிக்கொண்டுதான் இறங்குவான். அந்த எண்ணெய் தோல் வேலைக்கு வாங்கி ஸ்டோரில் பூட்டி வைத்திருப்பது. ஸ்டோர்காரர் சாவியைத் திறந்து மக்கில் அளந்து கொடுத்தால்தான் உண்டு. முதுகுக்கு இன்னொருத்தன் பூசிவிட வேண்டும். அரை மணி நேர வேலை. விழுந்த போனை எடுக்க ஓடுகிறவன் ஸ்டோருக்குப் போய் வரிசையில் நின்று எண்ணெய் வாங்கி, முதுகுக்கு ஆள் தேடி, ஆற அமரப் பூசிக்கொண்டா இறங்குவான்? எண்ணெய் பூசியவன் என்றால் இறக்கப்பட்டவன். பாலாற்றங்கரையில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் இது தெரியும். சென்னைக்குத்தான் தெரியாது.

காகிதம் அப்படியே நின்றுவிட்டால் அந்தோணி தன் குற்றத்தால் தனக்கே கேடு தேடிக்கொண்டவன். கம்பெனி கை கழுவிவிடும். நாளைக்கு இன்னொரு அந்தோணியை அதே தொட்டியில் இறக்கும்.

மறுநாள் மத்தியானம் வீட்டில் சுந்தர்ராஜ் சாப்பிட உட்கார்ந்தார். கேழ்வரகுக் களி, கருவாட்டுக் குழம்பு. ஜெயபுஷ்பம் கம்பெனிக்கு லீவு சொல்லியிருந்தாள், குளித்து உடை மாற்ற வந்தவள் மீண்டும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். போன் அடித்தது. கையில் களி ஒட்டியிருந்ததால் சுந்தர்ராஜ் முழங்கையால் ஸ்பீக்கரை அழுத்தினார். டேனரி மேனேஜர்.

"சார், சாயந்திரம் அஞ்சு மணி விவாதத்துல நம்ம விஷயம்தான் எடுக்கறாங்களாம். பொருளாளர் உங்களைத்தான் நம்பிருக்காரு. போன் விழுந்துச்சு, எடுக்க இறங்கினான். அதுக்கு மேல ஒரு வார்த்தை வேணாம்."

"பாதுகாப்பு ஏதாவது..." என்றார் சுந்தர்ராஜ்.

"எல்லாம் குடுத்துதான் சார் இறக்கினோம். வெறும் உடம்போட இறக்குவமா? அரை லிட்டர் எண்ணெய் மஹபூப் பாஷா ஸ்டோர்லர்ந்து குடுத்தாரு, நானே பக்கத்துல நின்னேன். அதெல்லாம் டிவில வேணாம். போன் மட்டும்."

மேனேஜர் போனை வைத்துவிட்டார். ஜெயபுஷ்பம் குழம்புக் கரண்டியுடன் நின்றாள். ஒரு சொட்டு தரையில் விழுந்தது.

"கேட்டீங்களா? இறக்கினோம்ன்றான்."

"ம்."

"இறக்கினவனே சொல்றான். நீங்க போய் தானா இறங்கினான்னு சொல்லப் போறீங்க."

"நான் சொல்லலன்னா வேற ஒருத்தன் சொல்வான் புஷ்பம். நான் சொன்னா கொஞ்சம் மரியாதையா சொல்வேன்."

"மரியாதையா பொய் சொல்றதுக்கு எதுக்கு அவ்ளோ படிப்பு?"

"உணர்ச்சிவசப்படாத. கட்சி மூலமா அந்தோணிக்கு ஏதாவது வாங்கித் தரலாம். மெதுவா. உள்ள இருந்துக்கினு."

"அவன் தொட்டிக்குள்ள இருந்தான். நீங்க கட்சிக்குள்ள இருக்கறீங்க. ரெண்டுலயும் மூச்சு விட முடியாது போலக்கீது" என்றாள். "போவாதீங்க. உடம்பு சரியில்லன்னு சொல்லுங்க. பல்லு வலின்னு சொல்லுங்க. என் தம்பிங்க அவன். உங்க பேச்சுக்கு டீக்கடையில நின்னு கை தட்டினவன்."

சுந்தர்ராஜ் கை கழுவப் போனார். ஐந்து மணிக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

ஜெயபுஷ்பம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பவில்லை. கம்ப்யூட்டருக்குப் பின்னால், அவர் கண்ணில் படும்படி, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஃபேன் இல்லாத அறையில் மே மாதம் உட்கார்ந்து கொதித்தது. சுந்தர்ராஜ் நன்றாகத்தான் ஆரம்பித்தார். வருத்தம் தெரிவித்தார், விசாரணை நடக்கிறது என்றார், கைபேசி என்றார். 'கைபேசி' என்று சொல்லும்போது மட்டும் அவர் பார்வை மனைவியை விட்டு மேலே போய் ட்யூப்லைட்டில் உட்கார்ந்துகொண்டது.

எதிர்ப்பக்கம் சென்னையிலிருந்து ஒரு இளைஞர், மூக்குக்கண்ணாடி, ஆராய்ச்சியாளர். டேனரியைப் படத்தில் பார்த்தவர். அவர் தோல் பதனிடுவது எப்படி என்று சுந்தர்ராஜுக்குப் பாடம் எடுக்கத் தொடங்கினார். முதலில் உப்பாம், பிறகு சுண்ணாம்பாம். சுந்தர்ராஜின் கழுத்து நரம்பு தடிப்பதை ஜெயபுஷ்பம் பார்த்தாள். பூமியில் எதை வேண்டுமானாலும் அவருக்கு யாரும் சொல்லித்தரலாம், தோலைப் பற்றி மட்டும் சென்னைக்காரன் சொல்லித்தரக் கூடாது.

"அந்த நிறுவனம் தொழிலாளிக்கு ஒரேயொரு பாதுகாப்பு ஏற்பாடாவது செய்ததா? ஒன்றே ஒன்று சொல்லுங்கள் சார்" என்றார் இளைஞர்.

"தம்பி, நீங்க டேனரிக்கு வெளியில நின்னுகூட மூக்கைப் பொத்தாம இருந்ததில்ல. நான் இந்த மண்ணுல பொறந்தவன். தொட்டி வேலைன்னா இன்னான்னு எனக்குத் தெரியும். ஒண்ணும் குடுக்காம இறக்கினாங்கன்னு பொத்தாம்பொதுவா பேசக் கூடாது. அந்தத் தொழிலாளிக்கு ஸ்டோர்லர்ந்து எண்ணெய் அளந்து குடுத்து, உடம்பு பூரா பூசி, மேனேஜர் பக்கத்துல நின்னுதான் இறக்கிருக்காங்க. இது எங்க வழக்கம். உங்க புத்தகத்துல இருக்காது."

இளைஞர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெறியாளர் விளம்பரத்துக்குப் போனார். இருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. சுந்தர்ராஜ் மைக்கை அணைத்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்துச் சிரித்தார்.

"நல்லா மடக்கினேன் இல்ல?"

ஜெயபுஷ்பம் கம்ப்யூட்டருக்குப் பின்னாலேயே நின்றாள். அவள் கை கட்டியது கட்டியபடி இருந்தது. சிரிப்பு அவர் முகத்தில் கொஞ்சநேரம் நின்று பார்த்தது, துணை கிடைக்காமல் இறங்கியது.

"இன்னா?"

"இறக்கிருக்காங்கன்னு சொன்னீங்க" என்றாள் மெதுவாக. "எண்ணெய் பூசி. மேனேஜர் நிக்க."

அவருக்கு விளங்குவதற்கு முன் போனுக்கு விளங்கிவிட்டது. அது மேஜை மேல் துள்ளித் துள்ளி நகர்ந்து விளிம்பிலிருந்து கீழே விழுந்தது. சென்னைக்குப் புரியாவிட்டால் என்ன, ஆம்பூருக்குப் புரிந்தது, பேரணாம்பட்டுக்குப் புரிந்தது, ராணிப்பேட்டைக்குப் புரிந்தது, வாலாஜாபேட்டைச் சந்தையில் மாட்டுக்கும் புரிந்திருக்கும். அரை மணி நேரத்தில் அந்தப் பதினைந்து விநாடி ஒவ்வொரு கைபேசியிலும் ஓடியது. இருட்டுவதற்குள் கட்சித் தலைமையின் கடிதம் வந்தது, அடிப்படை உறுப்பினர் பொறுப்பு உட்பட எல்லாப் பொறுப்பிலிருந்தும் நீக்கம்.

இத்தோடு விட்டிருந்தால் ஜெயபுஷ்பத்துக்கு ஆத்திரம் பாதியோடு அடங்கியிருக்கும். மறுநாள் காலையில் ஊர் வந்தது. மாலை வந்தது, எலுமிச்சம்பழம் வந்தது. டேனரித் தொழிலாளிகள் நாற்பது பேர் வாசலில் நின்றார்கள். "பதவியைத் தூக்கிப் போட்டு உண்மையைச் சொன்ன மனுஷன்" என்றார்கள். அமிர்தவள்ளி வேலூரிலிருந்து வந்து, "அண்ணா, நீங்க தெய்வம் அண்ணா" என்று காலில் விழப் போனாள். சுந்தர்ராஜ் முதல் மாலைக்குக் கூச்சப்பட்டார். இரண்டாவது மாலைக்குக் கூச்சம் குறைந்தது. ஆறாவது மாலை விழும்போது, "மனசாட்சின்னு ஒண்ணு இருக்குதே" என்று ஆரம்பித்துவிட்டார்.

வாசல் காலியானதும் ஜெயபுஷ்பம் கேட்டாள். "மனசாட்சியா?"

"உள்ளுக்குள்ள இருந்ததுதானே வந்துச்சு."

"பெருமை வந்துச்சு. மனசாட்சி வரல. மடக்கினேன் இல்லன்னு நீங்க கேட்டதை நான் கேட்டேன்."

"முடிவு இன்னா ஆச்சு பாரு. உன் தம்பிக்கு நல்லதுதானே ஆச்சு?"

"அப்ப விசாரணைக்கு வந்து சொல்லுங்க. எண்ணெய் விஷயம் யாரு சொன்னான்னு. எந்தப் போன்ல, எத்தினி மணிக்கு. டிவில பேசினது காத்துல போய்டும்ங்க."

"சொல்றேன்" என்றார். மாலையைக் கழற்றாமலேயே சொன்னார்.

கோட்டாட்சியர் விசாரணை பத்து நாள் கழித்து என்று நோட்டீஸ் வந்தது. இடையில் ஆறாம் நாள் பொருளாளரின் மைத்துனர், ஒரு கூடை மாம்பழத்தோடு வந்தார். ஜெயபுஷ்பம் கம்பெனியிலிருந்து திரும்பும்போது அவர் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். "தலைமைக்கு உங்க மேல கோவமே இல்ல சார். பொதுவா பேசினேன்னு ஒரு வார்த்தை, அவ்ளோதான். வாரியத் தலைவர் பதவி ஒண்ணு காலியாத்தான் கீது" என்று சொல்லிக்கொண்டே போனார். மாம்பழம் பங்கனப்பள்ளி. ஜெயபுஷ்பம் கூடையோடு தூக்கிப் பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போட்டாள். அந்த ஆடு அன்றைக்கு ஒருநாள் கத்தவில்லை.

"இன்னா சொல்லி அனுப்பினீங்க?"

"யோசிக்கறேன்னு."

"இதுல யோசிக்கறதுக்கு இன்னா கீது?"

"எல்லாத்துலயும் ரெண்டு பக்கம் உண்டு புஷ்பம்."

"என் தம்பிக்கு நுரையீரல்தான் ரெண்டு. ரெண்டும் வெந்து போச்சு."

விசாரணை அன்று கோட்டாட்சியர் அலுவலகத்தில் நிற்க இடம் இல்லை. கோட்டாட்சியர் சின்ன வயசுப் பெண். குறுக்கே பேசுகிறவர்களைக் கண்ணாலேயே உட்கார வைத்தார். கம்பெனி வக்கீல் கைபேசிக் கதையைச் சொன்னார். மேனேஜர் அதையே சொன்னார். ஸ்டோர் மஹபூப் பாஷாவைக் கூப்பிட்டார்கள். அறுபது வயசு, வெள்ளைத் தாடி, முப்பது வருஷமாக அந்தச் சாவி அவரிடம். "நான் அப்போ தொழுகைக்குப் போய்ட்டேன். எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். முகத்தில் ரத்தம் இல்லை. வீட்டில் கல்யாணத்துக்கு நிற்கிற பெண் இருக்கிறது என்று ஊருக்கே தெரியும்.

பிறகு சுந்தர்ராஜ். கனைத்தார். அறை அமைதியானது. ஜெயபுஷ்பம் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"தொலைக்காட்சியில் எண்ணெய் பூசி இறக்கியதாகச் சொன்னீர்கள். அந்தத் தகவல் உங்களுக்கு எப்படிக் கிடைத்தது?" என்றார் கோட்டாட்சியர்.

"மேடம், இதை இரண்டு கோணத்தில் பார்க்க வேண்டும். ஒன்று, சம்பவம். இன்னொன்று, வழக்கம். நான் வழக்கத்தைத்தான் குறிப்பிட்டேன். இந்த மண்ணின் மைந்தன் என்ற முறையில் பொதுவாக..."

"யாராவது உங்களிடம் சொன்னார்களா, இல்லையா?"

"குறிப்பாக ஒருவர் சொன்னதாக நான் கருதவில்லை."

ஆறு மாலை போட்ட நாற்பது பேரும் அந்த அறையில் இருந்தார்கள். அமிர்தவள்ளி முந்தானையை வாயில் அடக்கிக்கொண்டாள். ஜெயபுஷ்பம் எழுந்து நின்றாள். இருபத்திரண்டு வருஷம் நின்று பழகிய கால்கள் அவளை முன்னால் கொண்டுபோய் நிறுத்தின.

"அம்மா, நான் சொல்றேன்."

"நீங்கள் யார்?"

"ஜெயபுஷ்பம். அந்தோணிக்கு அக்கா. இவருக்குப் பொண்டாட்டி."

வக்கீல் எழுந்தார். "மேடம், இது குடும்பச் சண்டையாகிவிடும்."

"ஆவட்டும்" என்றாள் ஜெயபுஷ்பம். "திங்கக்கிழமை மத்தியானம் ரெண்டே கால் மணி. அவரு களி சாப்ட்டுக்கினு இருந்தாரு. கையில ஒட்டிக்கினு இருந்ததால போனை ஸ்பீக்கர்ல போட்டாரு. நான் குழம்பு ஊத்திக்கினு நின்னேன். தோ உட்காந்துக்கீறாரே, இந்த மேனேஜர்தான் பேசினாரு. எல்லாம் குடுத்துதான் இறக்கினோம்னு சொன்னாரு. இறங்கினான்னு சொல்லல, இறக்கினோம்னாரு. அரை லிட்டர் எண்ணெய் மஹபூப் பாஷா குடுத்தாரு, நானே பக்கத்துல நின்னேன்னு சொன்னாரு. டிவில அது வேணாம், போன் மட்டும் சொல்லுங்கன்னாரு. என் வீட்டுக்காரரு வாயில அது தப்பி வந்துச்சு. தைரியத்துல வரல, வீம்புல வந்துச்சு. எப்படி வந்தா இன்னா, நெசம்தான் வந்துச்சு. எங்க வேணா சத்தியம் பண்றேன்."

"பொய்" என்றார் மேனேஜர். "எண்ணெயே குடுக்கல. அரை லிட்டரும் இல்ல, ஒரு சொட்டும் இல்ல."

மூலையில் நாற்காலி நகர்ந்தது. மஹபூப் பாஷா எழுந்திருந்தார்.

"அரை லிட்டர் இல்லீங்க" என்றார். குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. "அரை லிட்டர்ல முதுகுக்கு வராது. அரைகுறையா பூசி ஒருத்தனை நான் தொட்டிக்கு அனுப்ப மாட்டேன். முப்பது வருஷத்துல அனுப்பினதில்ல. முக்கால் லிட்டர். மக்குல நான்தான் அளந்தேன். வாங்கினு போறப்ப அந்தோணி, 'பாய், வெயிலுக்கு வழுக்கும்'னு சிரிச்சான்."

"தொழுகைக்குப் போனதாகச் சொன்னீர்களே?"

"அல்லா மேல பழியப் போட்டுட்டேன் அம்மா. மன்னிக்கணும். முக்கால் லிட்டர்னு எழுதிக்குங்க."

எழுத்தர் எழுதினார். வக்கீல் ஏதோ சொன்னார். கோட்டாட்சியர் கையை உயர்த்தினார். ஜெயபுஷ்பத்தின் வாக்குமூலத்தை ஒருமுறை படித்துக் காட்டி, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வாங்கினார். ஐந்து பக்கம். சுந்தர்ராஜ் சொன்னது முக்கால் பக்கத்துக்குக்கூட வரவில்லை. அவ்வளவு பேசுகிற மனிதருக்கு அவ்வளவுதான் தேறியது.

வெளியே மைக்குகள் காத்திருந்தன. சுந்தர்ராஜ் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு அவள் பக்கத்தில் வந்தார்.

"நல்லா பேசினே புஷ்பம். ரெண்டு பேரும் சேர்ந்தே நிப்போம். உன்னைப் பேசச் சொன்னதே நான்தான்னு சொல்றேன், எடுப்பா இருக்கும்."

ஜெயபுஷ்பம் அவரை ஒருமுறை முழுதாகப் பார்த்தாள். முப்பது வருஷத்தில் அப்படிப் பார்த்ததில்லை. கோபம் இருந்த இடத்தில் ஒருவிதக் களைப்பு வந்து உட்கார்ந்திருந்தது.

"சொல்லிக்குங்க. அதையும் எவனாவது கேப்பான்" என்றாள். "ராத்திரிக்கு எனக்காகக் காத்திருக்காதீங்க. நான் அமிர்தம்கூட ஆஸ்பத்திரியிலதான் இருப்பேன். நாளைக்கும் அங்கதான். அதுக்கப்புறம் யோசிக்கறேன்."

பின்னால் அவர் கனைப்பது கேட்டது. இரண்டு பெண்களும் திரும்பாமல் நடந்து வேலூர் பஸ்ஸைப் பிடித்தார்கள்.

நாலு மணிக்கு வார்டில் உள்ளே விட்டார்கள். அந்தோணிக்கு முதல்நாள்தான் குழாயை எடுத்திருந்தார்கள். தொண்டை முழுக்கப் புண். ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு செலவானது. பிரிஸ்கில்லா, "ஜாஸ்தி பேச விடாதீங்க ஆன்ட்டி" என்று சொல்லித் தலையணையை உயர்த்திவிட்டுப் போனாள்.

"மாமா... பேசினாரா?" என்றான் அந்தோணி.

அமிர்தவள்ளி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜெயபுஷ்பத்துக்குப் பொய் சொல்லத் தோன்றியது. கட்டிலில் கிடக்கிறவனுக்கு ஒரு சின்னப் பொய் என்ன கெட்டுவிடும் என்று இருந்தது. பிறகு வேண்டாம் என்று விட்டாள்.

"அவரு பேசல. நான் பேசினேன். மஹபூப் பாயும் பேசினாரு."

அந்தோணி கண்ணை விரித்தான். அக்கா நாலு பேர் முன்னால் பேசுவாள் என்பது அவனுக்குத் தொட்டியைவிடப் பெரிய அதிசயமாக இருந்தது. உதட்டோரம் பழைய குறும்பு ஒன்று எட்டிப் பார்த்தது.

"நீயா? எவன்... கை தட்டினான்?"

ஜெயபுஷ்பம் அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எத்தனை துடைத்தும் நகக்கண்ணில் இன்னும் கசப்பு வாசனை இருந்தது.

"ஒருத்தனும் தட்டல" என்றாள். "எழுதிக்கினாங்க."